ஜாடிக்குள் வந்த சூரை மீன்

கொஞ்சம் நீளமான பதிவு. சைவப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். மற்றவர்கள் டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன மாதம் என் அண்ணன் மகள் வந்திருந்தாள். வேலை விஷயமாக ஸ்பெயின் போய்விட்டு நேராகக் கடலூர் வந்தவள், பையிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து என் கையில் வைத்தாள். "அத்தை, உங்களுக்கு மீன்தானே பிடிக்கும், இதைச் சாப்பிட்டுப் பாருங்க" என்றாள். உள்ளே வெளிர் நிறத்தில் நீள நீளமான மீன் துண்டுகள், மஞ்சள் எண்ணெயில் மூழ்கி நிற்கின்றன. பார்த்தால் ஊறுகாய் மாதிரி இருக்கிறது, ஆனால் மிளகாயைக் காணோம். மூடியில் விலை ஒட்டியிருந்ததை அவள் கிழிக்க மறந்துவிட்டாள். ஒன்பது யூரோ சொச்சம். ஆசிரியைப் புத்தி சும்மா இருக்குமா? நூறால் பெருக்கினேன். எண்ணெயை வடித்துவிட்டால் உள்ளே இருக்கும் மீன் கால் கிலோவுக்கும் குறைவு. அதற்குக் கிட்டத்தட்ட 900 ரூபாய்!

"என்ன மீன்டி இது?" என்றேன். "டியூனா அத்தை" என்றாள். டியூனா என்றால் சூரை. நம்ம சூரை! முதல் நாள்தான் தேவனாம்பட்டினத்தில் சூரை கிலோ 160 ரூபாய் என்று சொன்னதற்கே பேரம் பேசிவிட்டு, வாங்காமல் சங்கரா வாங்கிவந்தேன்.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜாடியைத் திறந்து, எண்ணெயை எல்லாம் வடித்துக் கொட்டிவிட்டு, பாதி மீனைப் புளிக்குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டேன். பஞ்சைச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. எங்கள் வீட்டு சார் ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்கா தொள்ளாயிரம்?" என்று கேட்டார். அண்ணன் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அது ஏற்கெனவே வெந்த மீனாம், அதைத் திரும்ப வேகவைக்கக்கூடாதாம், அந்த எண்ணெயில்தான் பாதி ருசியாம்.

மிச்சமிருந்த பாதியை மறுநாள் அவள் சொன்னபடி செய்தேன். இல்லை, அவள் சொன்னபடி பாதி, என் மனம் சொன்னபடி பாதி. சூடான சோறு. அதன்மேல் எண்ணெயோடு மீனை உதிர்த்துப் போட்டு, சின்ன வெங்காயம் பொடியாக நறுக்கி, மிளகு இடித்துத் தூவி, எலுமிச்சம்பழம் நாலு சொட்டு. அவ்வளவுதான். அடுப்பே பற்ற வைக்கவில்லை. பிள்ளைகளே, பொய் சொல்லமாட்டேன், அறுபது வயதுக்கு மேல் ஒரு புது ருசி கிடைத்தது. கவிச்சி வாடை துளியும் இல்லை. இதழ் இதழாகப் பிரிகிறது. நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் கொழகொழப்பு இல்லை. "வெளிநாட்டுக்காரன் எதைச் செய்தாலும் பெருமையாகப் பேசுவது" என் பழக்கம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும்.

சாப்பிட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே சாதி மீனை நாம் ஏன் 'கறுப்பு மீன்', 'ஏழை மீன்', 'அரிப்பு மீன்' என்று ஒதுக்குகிறோம்? அவர்கள் ஏன் நகை மாதிரி ஜாடியில் வைத்து விற்கிறார்கள்?

அண்ணன் மகளிடம் கேட்டேன், என் பழைய புத்தகங்களைப் புரட்டினேன், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் படித்த ஒரு மாணவியிடமும் ஃபோனில் விசாரித்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அந்த ஜாடியில் இருந்தது நம்மிடம் அதிகம் கிடைக்கும் அதே சூரை இல்லை. அதன் பெரியப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்பகோர் என்கிற வெள்ளைச் சதைச் சூரை. ஸ்பெயினின் வட கடலில் கோடைக்காலத்தில் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் முழுசாக வேகவைத்து, ஆறவைத்து, தோலையும் முள்ளையும் கறுத்த சதையையும் கையாலேயே நீக்குகிறார்கள். இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிறகு ஜாடியில் அடுக்கி, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, காற்றுப் புகாமல் மூடி, ஆவி அழுத்தத்தில் சூடேற்றிக் கிருமி நீக்குகிறார்கள். அதற்குப் பிறகும் சில மாதம் ஊறவிட்டால்தான் ருசியாம். நம் மாவடு மாதிரி. அதன் வயிற்றுப் பகுதிக்கு மட்டும் தனிப் பெயர், இன்னும் கூடுதல் விலை.

உணவைப் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைத்தால் கெடாது என்று கண்டுபிடித்தவர் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர். மிட்டாய் செய்கிறவர். 1810இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. கிருமியைப் பற்றி லூயி பாஸ்டர் விளக்கியது அதற்கு ஐம்பது வருடம் கழித்துத்தான். (ஏழாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவர்கள் பாஸ்டரை மறந்திருந்தால் இப்போதே பெஞ்சு மேல் ஏறவும்.)

மீனைப் பதப்படுத்தும் வித்தை வெள்ளைக்காரன் சொத்து என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மாசிக் கருவாடு தெரியுமா? இலங்கையிலிருந்து வந்த உறவினர்கள் எங்கள் வீட்டுக்கு வரும்போது கொண்டுவருவார்கள். கட்டை மாதிரி இருக்கும், உரலில் இடித்துத்தான் சம்பலில் போடவேண்டும். அதுவும் சூரைதான், வரிச்சூரை. மாலத்தீவிலும் மினிக்காயிலும் வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்துச் செய்வது. 1343 வாக்கில் மாலத்தீவில் தங்கியிருந்த இப்னு பதூதா, இந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் போவதாக எழுதிவைத்திருக்கிறார். அப்பேர் பிறப்பதற்கு நானூறு வருடம் முன்னால். மினிக்காய்த் தீவில் 1969இலேயே சூரையை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையும் வந்துவிட்டது. அங்கும் தூண்டிலில்தான் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். ஆக, நம் நாட்டில் முடியாதது ஒன்றும் இல்லை.

பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டின் மீன் புதிதே இல்லை. சிங்கப்பூர், மலேயா போய் வந்தவர்கள் வீட்டில் தக்காளிச் சாறில் ஊறிய சார்டின் டப்பா அலமாரியில் அடுக்கியிருக்கும். சேவல் படம் போட்ட டப்பா. அந்தக் கம்பெனியே 1892இல் சிங்கப்பூரில் ஆரம்பித்ததுதான். நோன்புக் காலத்தில் ஒரு தோழி வீட்டில் அதை வெங்காயம் போட்டு வதக்கிக் கொடுத்தார்கள், இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஊருக்குப் போர்ட்டோ நோவோ என்று பெயர் வைத்த போர்த்துகீசியர்களும் டின் மீனுக்குப் பேர்போனவர்கள்தான். என்ன செய்வது, பெயரை விட்டுவிட்டுப் போனார்கள், டின்னை விட்டுவிட்டுப் போகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத வேண்டுமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

ஜாடியின் அடியில் நாலு துண்டு மிச்சம் வைத்திருந்தேன். அதை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு தேவனாம்பட்டினம் போனேன். அங்கே ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒருவன் என் மாணவன். பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டான். போடவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்தவனிடம் டப்பாவைக் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டான். ரொம்ப நேரம் மென்றான்.

"காரம் இல்ல டீச்சர்" என்றான் முதலில். பிறகு, "ஆனா இது ரத்தம் வடிச்ச மீன். உடனே ஐஸ்ல போட்டிருக்கான்" என்றான்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவன் சொன்னதும், மாணவி ஃபோனில் சொன்னதும் அச்சு அசலாகப் பொருந்தின. சூரை நிற்காமல் நீந்துகிற மீன். அதனால்தான் சதையில் ரத்தமும் சிவப்பும் அதிகம். மற்ற மீன் போலில்லை, கடல் தண்ணீரைவிட உடம்பு சூடாக இருக்கும். பிடித்தவுடன் ரத்தத்தை வடித்து, குடலை எடுத்து, ஐஸில் புதைக்கவேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் உள்சூட்டிலேயே சதை கெட ஆரம்பித்துவிடும். சூரையின் சதையில் இருக்கும் ஒரு பொருளைக் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றன. நாம் 'சூரை சாப்பிட்டால் அரிக்கும், முகம் சிவக்கும், சூடு' என்கிறோமே, பெரும்பாலும் இதுதான் காரணம். அது ஒரு தடவை உண்டாகிவிட்டால் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. ஐஸில் வைக்காத குற்றத்தை மீன் தலையில் போட்டுவிட்டோம். (நிஜமாகவே மீன் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. நான் சொன்னேன் என்று அவர்கள் சாப்பிட்டுப் பார்க்கவேண்டாம்.)

"அப்ப நீயும் ஐஸ் போடலாமே தம்பி" என்றேன்.

"டீச்சர், வஞ்சிரத்துக்கு ஐஸ் போடுவேன், வவ்வாலுக்குப் போடுவேன். சூரைக்கு எவன் ஐஸ் காசு செலவு பண்ணுவான்? வெயில்ல கெடக்கறதுக்கும் அதே வெல, ஐஸ்ல கெடக்கறதுக்கும் அதே வெல. ராத்திரி பூரா வலையிலயே செத்துக் கெடந்ததுக்கும் அதே வெல. நீங்களே முந்தாநாள் வந்து பேரம் பேசிட்டுப் போகலயா?"

ஏலம் எடுக்கிறவர்கள் சூரையைப் பார்க்கும்போது தரம் பார்ப்பதில்லை, கூடை கணக்குத்தான். விலை இல்லாததால் ஐஸ் இல்லை, ஐஸ் இல்லாததால் ருசி இல்லை, ருசி இல்லாததால் விலை இல்லை. இது சூரையின் ராசி இல்லை. வாங்குகிற நாமும் சேர்ந்து செய்த ஏற்பாடு.

நான் பேசாமல் நின்றேன். பேரம் பேசியதற்காக மட்டும் இல்லை.

தொண்ணூறுகளில், கடற்கரை ஓரம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். இவன் ஏழாம் வகுப்பு. ஒருநாள் மதியம் தூக்குவாளியைத் திறந்தான், சூரைக் குழம்பு. வகுப்பே மூக்கைப் பிடித்தது. நாலு பிள்ளைகள் என்னிடம் வந்து புகார் சொன்னார்கள். நான் என்ன செய்திருக்கவேண்டும்? மூக்கைப் பிடித்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். நான் அவனிடம், "வெளியே மரத்தடியில போய்ச் சாப்பிடு. நாளையிலேருந்து இதை எடுத்துட்டு வராதே" என்றேன். அவன் அம்மா விடியற்காலை கூடை சுமந்து மீன் விற்றுவிட்டு வந்து, மிஞ்சியதில் வைத்த குழம்பு அது. மறுநாளிலிருந்து அவன் வகுப்புக்குள் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்தக் கணக்கில் என் பங்கு பூஜ்யம் என்று நான் போடமுடியாது.

2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டதாகச் செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஊரே கொதித்தது. நானும் இதே பக்கத்தில் கோபமாக நாலு வரி எழுதினேன். நீங்கள் எல்லாரும் லைக் போட்டீர்கள். அன்று எனக்கு இந்தத் தூக்குவாளி ஞாபகம் வரவே இல்லை. அது எனக்கு இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

அன்று கடற்கரையில் அவனிடம் கேட்டுவிட்டேன். "உன்னை ஒருநாள் வேப்பமரத்தடியில போய்ச் சாப்பிடச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

அவன் சிரித்தான். "அதெல்லாம் விடுங்க டீச்சர்" என்றான். கொஞ்சம் பொறுத்து, வலையைப் பிரித்தபடியே, "வேப்பமரம் இல்ல டீச்சர். பூவரச மரம்" என்றான்.

சரி. இனி நான் சொல்லவந்த கருத்து.

900 ரூபாய் ஜாடியை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தாராளமாக வாங்கிச் சாப்பிடுங்கள். நல்ல பொருள், நேர்மையான உழைப்பு. உப்பு இருக்கிறது, பிரஷர் உள்ளவர்கள் அளவாக. கர்ப்பிணிப் பிள்ளைகளும் சின்னக் குழந்தைகளும் பெரிய சூரை வகைகளை வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் சாப்பிடவேண்டாம், பெரிய மீனில் பாதரசம் சேரும். சின்னச் சூரையில் குறைவு. அந்த வகையில் நம் சின்னச் சூரையே மேல். ஆனால் ஒன்று. ஜாடியில் வந்தால் 'டியூனா', கூடையில் வந்தால் 'நாற்றச் சூரை' என்கிற நாக்கு நமக்கு வேண்டாம்.

அடுத்தது, மீன் வாங்கப் போகும்போது "என்ன விலை?" என்பதற்கு முன்னால் "ஐஸ் போட்டதா, எத்தனை மணிக்கு வந்தது?" என்று கேளுங்கள். ஐஸ் போட்ட சூரை என்றால் கிலோவுக்கு 50 ரூபாய் கூடக் கொடுங்கள். இந்த ஐம்பது ரூபாயை எங்கேயும் யாரும் ஆணை போட்டுக் கொண்டுவர முடியாது. ராமேசுவரம் பக்கம் இழுவைப் படகுகளை மாற்றி ஆழ்கடலுக்குச் சூரை பிடிக்க அனுப்பும் திட்டத்தை 2017இல் தொடங்கினார்கள். நல்ல எண்ணம்தான். படகுக்கு மானியம் கொடுக்கலாம், ருசி பார்க்கிறவனுக்கு யார் மானியம் கொடுப்பது? (சுருக்குமடி வலை விவகாரத்துக்குள் நான் வரவில்லை. எல்லாப் பக்கத்திலும் என் மாணவர்கள் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றமே 2023இல் வாரத்துக்கு இரண்டு நாள், 12 கடல்மைலுக்கு அப்பால் என்று நிபந்தனையோடுதான் சொல்லியிருக்கிறது. நான் எம்மாத்திரம்.)

மூன்றாவதாக ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் மீனை வேகவைத்து, நல்லெண்ணெய் ஊற்றி, ஜாடியில் அடைத்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். உங்களைத் தெரியும் எனக்கு, ஆர்வக் கோளாறுகள். ஊறுகாய் கெடாமல் இருப்பது எண்ணெயால் மட்டும் இல்லை, புளிப்பாலும் உப்பாலும். மீனில் புளிப்பு இல்லை. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லாத இடத்தில் பாட்டுலினம் என்ற விஷக் கிருமி வளரும். ஆளையே கொல்லும், வாடையும் காட்டாது. ஆலையில் அழுத்தம் கொடுத்து 121 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுவது அதற்காகத்தான். வீட்டு குக்கர் அந்த வேலைக்கு ஆகாது. வீட்டில் செய்தால் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

ஆனால் முறையாகச் செய்யத் தடை என்ன? கொச்சியில் மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம் 1957 முதல் இருக்கிறது. சூடு தாங்கும் பையில் மீன் குழம்பை அடைத்து, ஃபிரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் வைக்கும் முறையை அவர்கள் நம் நாட்டுக்கு ஏற்றபடி செய்து கற்றும் கொடுக்கிறார்கள். நம் தாழங்குடாவிலும் முடசலோடையிலும் கருவாடு போடும் பெண்களின் கைக்கு ஸ்பெயின் பெண்களின் கை ஒன்றும் உசத்தி இல்லை. ஆலிவ் எண்ணெய்தான் வேண்டும் என்றும் இல்லை. என் மாணவர்களில் வங்கியில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள், மீன்வளம் படித்தவர்கள் இருக்கிறீர்கள், துபாயில் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். ஒருவருக்கொருவர் ஃபோன் நம்பர் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், இந்தப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள்.

போன சனிக்கிழமை அவனிடம் சொல்லிவைத்தேன். இரண்டு சூரை, பிடித்தவுடன் ரத்தம் வடித்து, ஐஸில் வைத்துக் கொண்டுவந்தான். கிலோ 250 கொடுத்தேன், 160 போதும் என்றான், கேட்கவில்லை. ஒன்றைக் குழம்பு வைத்தேன். இன்னொன்றை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, கறுத்த சதையைத் தனியே எடுத்துவிட்டு (அதைப் பூனைக்குப் போடாதீர்கள், பூண்டு தட்டிப்போட்டுப் புட்டு செய்யுங்கள், அருமை), வெள்ளைப் பகுதியைச் செக்கு நல்லெண்ணெயில் ஒரு இரவு ஃபிரிட்ஜில் ஊறவிட்டேன். மறுநாள் அதே வெங்காயம், அதே மிளகு, அதே எலுமிச்சை. ஸ்பெயின் ஜாடி அளவுக்கு மென்மை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நம் சூரை கொஞ்சம் உரம். ஆனால் அரிப்பு இல்லை, கவிச்சி இல்லை. எங்கள் வீட்டு சார் இரண்டாம் முறை சோறு கேட்டார். விலையைக் கேட்கவில்லை.

ஒரு தூக்கில் போட்டு அவன் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். அவன் அம்மாவுக்கு இப்போது எண்பதை ஒட்டி வயது. சாப்பிட்டுவிட்டு, "டீச்சரம்மா கைக்கு உப்பு பத்தல" என்று சொல்லியனுப்பினார்.

வருகிற சனிக்கிழமையும் ஐஸ் போட்டுக் கொண்டுவருவான். மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் பக்கம் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள். விலை 250. பேரம் கிடையாது.